படி ஏறாதவள்

எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நகராட்சி வணிக வளாகத்தை யாரும் வணிக வளாகம் என்று சொன்னதில்லை. காம்ப்ளக்ஸ் என்றால் போதும், ஆட்டோக்காரன் கொண்டுவந்து விட்டுவிடுவான். போர்டில் ஏதோ ஒரு பெரிய பெயர் எழுதியிருந்தது. அதில் பாதியை மழை தின்றுவிட்டது, மீதியை வாடகைச் சைக்கிள் விளம்பரம் மறைத்துக்கொண்டது.

அதில் மூலைக்கடை என்னுடையது. ரஞ்சிதா மேட்சிங் சென்டர். ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், பாவாடை, ஊக்கு. ஒரு ஷட்டர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, இன்னொரு ஷட்டர் சந்தை ரோட்டைப் பார்த்து. புதுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிற பொம்பளையின் கண்ணில் முதலில் படுவது என் கடைதான். ஒரு பக்கம் நுழைந்து துணி வாங்கி, மறுபக்கம் இறங்கி காய்கறிக்குப் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். மகள் ஜீவாவைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் இந்த மூலைதான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கடை என்ன என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

பக்கத்துக் கடை குமரகுருவுடையது. ஸ்கூல் பை, சூட்கேஸ், குடை. எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கோபமே வராத மனுஷன். எனக்கு வருகிற கோபத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி அணைப்பது அவர் வேலை. "உடுங்க அம்மிணி, நாம பாத்துக்கலாம்" என்பார். எதையும் பார்த்துக்கொண்டதில்லை, ஆனால் கேட்கிற நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும்.

கல்லாவில் உட்காருவது அவர் மனைவி மதுமதி. என்னை அக்கா என்பாள். எங்கள் இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு செங்கலை எடுத்துவிட்டு ஓட்டை வைத்திருந்தோம். சில்லறை அந்த வழியாகப் போகும், குழம்புக் கிண்ணம் வரும், ஊர்ப் பொல்லாப்பெல்லாம் வந்து போகும். நாலு வருஷத்துக்கு முந்தி அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். குமரகுருவால் கடையை விட்டு நகர முடியவில்லை. என் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவளோடு கிடந்தவள் நான். "அக்கா, ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க, சொந்தக்காரங்க வாயில உழுகோணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குடலிறக்கம் என்று ஊருக்குச் சொன்னோம். நானும் அந்தக் குடலிறக்கத்தைக் கட்டிக் காப்பாற்றினேன்.

அப்புறம் காம்ப்ளக்ஸின் மேல்தளத்திலிருந்து ஒரு சிமெண்டுப் பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே யாரும் இல்லை, நல்ல வேளை. ஆனால் கட்டடம் ஆகாது என்று இன்ஜினியர்கள் எழுதிவிட்டார்கள். எங்களையெல்லாம் சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். "பழைய கடைக்காரங்களுக்குத்தான் முதல்ல" என்று பூமி பூஜை மைக்கில் ஒருவர் சொன்னதை நாங்கள் கைதட்டிக் கேட்டோம். வெயிலில் துணிச்சாயம் வெளுத்துப்போகிற அந்தக் கொட்டகையில் இரண்டு வருஷத்துக்கும் மேல் பொறுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கை நம்பித்தான். மைக்கில் சொன்னது மைக்கோடு போயிற்று. மூன்று மாடி, லிஃப்ட், பளபளவென்று டைல்ஸ், அடியில் வண்டி நிறுத்த இடம் எல்லாம் எழும்பி முடிந்ததும் வந்த அறிவிப்பில் பொது ஏலம் என்றுதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அன்றைக்குக் கொட்டகையில் சங்கக் கூட்டம் போட்டோம். நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். குமரகுரு மட்டும் பொறுமையாக எழுந்தார்.

"வெளியாளு வந்து கேட்டா நாம தடுக்க முடியாதுங்க. ஆனா நமக்குள்ளயே ஒருத்தர் கடைய ஒருத்தர் கேக்காம இருக்கலாமுங்களே? பழைய காம்ப்ளக்ஸ்ல ஆரு எங்க இருந்தமோ, புதுசுலயும் அந்தந்த எடத்த அவங்கவங்களே கேக்கோணும். அடுத்தவங்க எடத்துக்குக் கை தூக்கப்படாது."

நியாயமான பேச்சு. எல்லோரும் சரி என்றோம். சரி என்றதோடு விட்டிருக்கலாம். பரமத்தி வேலூர் வெற்றிலை போடுகிற அம்மாசி அண்ணன், எங்களில் வயதில் மூத்தவர், தலையை ஆட்டினார்.

"வாய்ப்பேச்சு வேலைக்கு ஆவாதுங்கப்பா. திருச்செங்கோடு போயி படியில சத்தியம் பண்ணிப்போடலாம். கடை ஒருத்தர் பேர்ல இருக்கும், கல்லாவுல இன்னொருத்தர் உக்காருவாங்க. அதனால கடையில உக்கார்ற அத்தன பேரும் வரோணும்."

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறுகிற வழியில் அறுபதாம் படி என்று ஒன்று இருக்கிறது. கோர்ட்டில் தீராத வழக்கை எங்கள் பக்கத்தார் அங்கே கொண்டுபோய்த் தீர்ப்பார்கள். சூடத்தைக் கொளுத்தி, அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது எங்களுக்குப் பாலோடு புகட்டிய பயம். எங்கள் பக்கத்தில் கார் வாங்கி ஓட்டுகிறவனும் அந்தப் படி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான்.

வாட்சு, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சகாயராஜ் மட்டும் எழுந்து, "நான் சூடம் கொளுத்த மாட்டேனுங்க. எங்க வழக்கத்துல இல்ல. ஆனா யார் கடையையும் கேக்க மாட்டேன், இது என் வார்த்தை" என்றார். அம்மாசி அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். குமரகுருதான் சமாதானம் செய்தார். வெளியே வந்ததும் அவரே என் காதோரம், "ஏலத்தன்னிக்கு அந்தாளு மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க அம்மிணி" என்றார். நானும் வைத்துக்கொண்டேன்.

திருச்செங்கோடு போக வேன் பிடித்திருந்தோம். விடிகாலையில் எல்லோரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து ஏறிவிட்டார்கள். குமரகுரு கடைசியாக, தனியாக வந்தார்.

"மதுமதி எங்கப்பா?" என்றார் அம்மாசி அண்ணன்.

"ஊட்டுக்குத் தூரமுங்க. இன்னிக்குத்தான் ஆச்சு. கோயில் படி எப்பிடி ஏறுவா?"

ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதற்குமேல் யார் என்ன கேட்பது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவளுக்கு எங்கிருந்து தூரம் வரும்? மூட்டுவலிக்காரி, படியேறச் சோம்பல்பட்டுப் புருஷனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிடிக்காத சொந்தக்காரன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்க நானே எத்தனை தடவை அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்! பொம்பளைகளுக்கு வசதியான பொய் அது ஒன்றுதான். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேன் நிறைய ஆம்பளைகள். அதோடு அவளுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது.

படியில் ஒவ்வொருவராகச் சூடம் கொளுத்தினோம். குமரகுரு முதல் ஆளாகச் செய்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. சூடப் புகையாகக்கூட இருக்கலாம். என் முறை வந்தபோது, "சங்கத்துக்காரங்க ஆரு எடத்துக்கும் நான் ஏலம் கேக்க மாட்டேன். கேட்டா எங்குடும்பம் வெளங்காது" என்று சொல்லிக் கையை அடித்தேன். இறங்கி வந்து எல்லோரும் ஒன்றாகப் பொங்கலும் வடையும் தின்றோம். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது.

ஏலத்துக்கு முந்தின வாரம் மதுமதி கொட்டகைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "வெளியாளு ஆராச்சும் மூலைக்கடைய ஏத்திவிட்டா என்னக்கா பண்ணுவீங்க? எது வரைக்கும் போவீங்க?" என்றாள். என் வீட்டுக்காரரிடம் போனில் பேசி முடிவு செய்திருந்த உச்ச வாடகையைச் சொன்னேன். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் நான் கடைக்காக உழைக்க வேண்டியதுதான், கடை எனக்காக உழைக்காது என்றும் சொன்னேன். "கவலப்படாதீங்கக்கா, அதுக்கு மேல எந்தக் கிறுக்கன் கேக்கப்போறான்" என்று என் முழங்காலைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஏலம் நகராட்சிக் கூட்ட அரங்கில் நடந்தது. காப்புத்தொகைக்கு டி.டி. கட்டியவர்கள் கீழ்த்தளத்தில் எந்தக் கடையை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அதிகாரி வாசித்தார். நாமக்கல்லிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வெளியாட்கள் வந்திருந்தார்கள். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி மதுமதி, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். சும்மா பார்க்க வந்திருக்கிறாள், புருஷனுக்குத் துணையாக என்று நினைத்தேன். நான் கண் வைத்திருந்தது சகாயராஜ் மேல். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

மூலைக்கடை வந்தது. நான் கேட்டேன். ஈரோட்டுக்காரர் ஒருவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். மறுபடி அவர், மறுபடி நான். என் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அதிகாரி ஒரு தரம் என்றார்.

"ஆயிரம் சேத்தி" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். மதுமதி கையைத் தூக்கியிருந்தாள். அவள் கையில் நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல்.

தெரியாமல் தூக்கிவிட்டாள் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். "மது, இது எம்பட கடை. உங்குளுது அடுத்ததுதான் வருது, கைய எறக்கு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் தூக்கிய கை இல்லை அது. நான் என் உச்சத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. அதற்குமேல் ஒரு ஆயிரம் வைத்தாள். அவளுக்குத்தான் தெரியுமே. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போனவள்தானே.

மூன்று தரம் முடிந்தது. மூலைக்கடை மதுமதிக்கு.

நான் எழுந்து நேராகக் குமரகுருவிடம் போனேன். "ஏனுங்ண்ணா, படியில என்ன சொன்னீங்க? நீங்க சொன்னது எல்லாத்துக்கும் கேட்டுதே!"

"நான் கேக்கலீங்களே அம்மிணி" என்றார், எப்போதும்போலக் குரலை உயர்த்தாமல். "நான் எஞ்சத்தியத்தக் காப்பாத்திட்டுத்தான் நிக்கறேன். மதுமதிதான் கேட்டா. அவ படி ஏறல, சத்தியம் பண்ணல. ஏற முடியாத நாளுன்னு அன்னிக்கே வேன்ல எல்லாத்துக்கும் தெரியுமே."

பழைய கடைக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். நான் அம்மாசி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "அவுரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க. பண்ணாத சத்தியத்த அவ தப்புனான்னு எப்பிடிச் சொல்றது?" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூட்டுவலியும் இல்லை, சோம்பலும் இல்லை. வேன் கிளம்புவதற்கு முன்னாலேயே, ஒருவேளை கொட்டகைக் கூட்டத்துக்கு முன்னாலேயே, இரண்டு கடையையும் சேர்த்து ஒரே ஷோரூமாக்கப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்துவிட்டார்கள். ஒருவர் படியேறுவது, ஒருவர் ஏறாமலிருப்பது. எங்கள் கையையெல்லாம் சூடத்தில் கட்டிப்போட்டுவிட்டு ஒரு கையை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார் குமரகுரு. அதற்கு அவர்கள் சொன்ன பொய், நான் ஆஸ்பத்திரியில் தூங்காமல் கிடந்து காப்பாற்றிய ரகசியத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்ன பொய். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்தே சொன்ன பொய்.

திறந்துவிட்டேன்.

"எந்த நாளு? ஏற முடியாத நாளா? கர்ப்பப்பையவே எடுத்துப்போட்டவளுக்கு எப்பிடிங்க தூரம் வரும்? ஈரோட்டுல கூட இருந்து பீ மூத்திரம் அள்ளுனவ நானு! கேளுங்க அவள, இல்லைன்னு சொல்லட்டும்!"

அரங்கு முழுக்கக் கேட்டது. மதுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். இப்போதாவது இவர்களுக்குப் புரியும் என்று நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், தெருவில் துணி அவிழ்ந்து நிற்கிறவளைப் பார்ப்பதுபோல.

"சீச்சீ. சபையில பேசற பேச்சா இது?" என்றார் அம்மாசி அண்ணன். "ஒரு பொம்பளையோட ஒடம்பப் பத்தி இத்தன ஆம்பளைங்க முன்னால... கடை போனா போகுது, மானம் மரியாத வேண்டாமா?"

பின்னாலிருந்து இன்னும் இரண்டு குரல் அதையே சொல்லிற்று. யாரோ ஓடிப்போய் மதுமதிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொய் சொல்லிச் சத்தியத்தை ஏமாற்றியது ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. நான் பேசிய பேச்சுதான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. குமரகுரு தலையைக் குனிந்து, மனம் நொந்தவர்போல நின்றார். இந்த ஊரில் எப்படி நின்றால் எது எடுபடும் என்று அவருக்குத் தெரியும். அவள் ரகசியத்தைச் சொன்னதற்கு வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். அவள் அழுத அந்த ஒரு நிமிஷம். அழுகையோடு ஃபைலையும் இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று பார்த்ததும் அந்த வருத்தமும் போயிற்று.

"அம்மா, உட்காருங்க, இல்லைன்னா வெளியில அனுப்ப வேண்டி வரும்" என்றார் அதிகாரி. உட்கார்ந்தேன்.

அடுத்தது மூலைக்கடைக்குப் பக்கத்துக் கடை. குமரகுருவின் இடம். அவர் சர்க்கார் வைத்த அடிப்படை வாடகையைக் கேட்டார். ஈரோட்டுக்காரர், இந்த ஊர்ச் சண்டைக்குள் யார் தலையைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்போல ஃபைலை மூடிக்கொண்டார். வேறு யாரும் அசையவில்லை.

சகாயராஜ் சுவரோரமாக நகர்ந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். "கேளுங்க அக்கா" என்றார் மெதுவாக. "உங்க டி.டி. இதுக்கும் செல்லும். இது போச்சுன்னா அவங்க ஷோரூமும் போச்சு. மூலைக்கடையத் தானா வந்து பேசுவாங்க. கேளுங்க."

அவர் சொன்னது சரி. எனக்கும் அது தெரிந்தது. கையைத் தூக்கினால் போதும். அவர்கள் முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நான் ரத்தம் கொதிக்கிறவள், விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள். என் கை மடியிலிருந்து கிளம்பத்தான் செய்தது.

போன வெள்ளிக்கிழமை என் வீட்டில் ஜீவாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். கட்டிச்சோறு கட்டி, ஊரைக் கூட்டி, நாற்காலியில் உட்கார வைத்து வளையல் அடுக்கினோம். கேட்டால் என் குடும்பம் விளங்காது என்று அந்தப் படியில் கையடித்துச் சொன்னவள் நான். என் குடும்பம் என்றால் இன்றைக்கு அந்த வயிறுதான். அறிவுள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நம்பிக்கை எது, பயம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. ஒருத்தன் ஏமாற்றிவிட்டதால் நான் செய்த சத்தியம் கழன்று விழுந்துவிடுமா என்று கேட்டுப் பார்த்தேன். விழவில்லை. அது என் சத்தியம், அவருடையது அல்ல.

குமரகுருவைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியாட்கள் பக்கம் இரண்டு தடவை பார்த்தார், சகாயராஜை ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. மூலைக்கடையை எடுத்ததைவிட இது வலித்தது. என்னை ஏமாற்றுவதற்கு என் நேர்மையையே முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். நான் வார்த்தை தவறுகிறவளாக இருந்திருந்தால் அவர் இதைச் செய்யத் துணிந்திருக்கவே மாட்டார்.

ஒரு தரம். இரண்டு தரம். சகாயராஜ் பெருமூச்சு விடுவது என் தலைக்கு மேலே கேட்டது. மூன்று தரம்.

கூட்டம் கலைந்து மாடிப்படி இறங்கும்போது குமரகுரு எனக்காக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பழைய கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் இடம் கிடைத்திருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி" என்றார். "மதுமதியப் பேசுனத நான் மனசுல வெச்சுக்கல. ஆத்தரத்துல வந்த வார்த்த. நல்லா இருங்க."

அம்மாசி அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, கண்கலங்க, "இப்பிடி மனசு ஆருக்கு வரும்? இதானப்பா மனுசத்தன்மை" என்றார்.

சொல்லிக்கொண்டே போய்க் குமரகுருவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.